டிக்கி ஷாக்குக்குக் கட்டில் கடைப் பாகம்: மாட்டியவர்கள் சொல்லும் அனுபவம்

தண்டையார்பேட்டையிலிருந்து:

பழைய சிறிய ஹாட்ச்பேக் ஒன்றை வைத்திருக்கிறேன். தூக்கிவிட்ட டிக்கிக் கதவு நிற்காமல் இறங்கத் தொடங்கியதும், அதை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் குழலும் தண்டுமான ஷாக் போய்விட்டது என்பது தெரிந்தது. அசல் ஜோடிக்குச் சொன்ன விலையைக் கேட்டபின், மண்ணடிப் பக்கம் மரச்சாமான் பொருத்துகள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம் என்று போனேன். அடியில் சாமான் வைக்கும் கட்டிலின் பலகையைத் தூக்கிப் பிடிக்கவும், சமையலறை அலமாரிக் கதவைத் தாங்கவும் அங்கே விற்கும் பாகம் டிக்கி ஷாக்கின் உடன்பிறப்புத்தான். இரண்டிலும் குழலுக்குள் உயர் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் தண்டை வெளியே தள்ளுகிறது. உடன் இருக்கும் சிறிதளவு எண்ணெய், தண்டு நுழையும் வாயை அடைக்கும் ரப்பர் சீலை ஈரமாக வைத்து, கதவு கடைசியில் தடாலென்று முட்டாமல் வேகத்தைக் குறைக்கிறது.

ஆனால் கையில் பிடித்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரே நீளம் என்று வாங்கி வந்துவிடக் கூடாது. பழைய ஷாக்கின் குழலில், அழுக்கைத் துடைத்தால், ஓர் எண்ணும் அதன் பின்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அதுதான் நியூட்டன் கணக்கில் தள்ளும் விசை. என்னுடையதில் 350 என்று இருந்தது. அதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. காயலாங்கடை எடை மேடையின் மீது ஷாக்கை நிமிர்த்தி வைத்து, தண்டு உள்ளே போகும் வரை மேலிருந்து அழுத்தினால், அந்நேரத்தில் காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கியது ஏறத்தாழ நியூட்டன். நல்ல 350 நியூட்டன் ஷாக் 36 கிலோ அளவுக்குக் காட்ட வேண்டும். என் பழைய ஷாக்கில் 14 கிலோவிலேயே தண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. கடைக்காரரே குனிந்து பார்த்துவிட்டு, ‘இதுல ஒண்ணுமே இல்லையே சார்’ என்றார்.

எண் அழிந்திருந்தால் கணக்குப் போடலாம். கதவு 18 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து அரை மீட்டர் என்றால், முழுக்கத் திறந்த நிலையில் அதைத் தாங்க ஏறத்தாழ 90 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். ஷாக் தள்ளும் கோடு கீலிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் மொத்தம் 600 நியூட்டன், பக்கத்துக்கு 300. தேய்மானத்துக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கூட்டினால் 350 வந்துவிடுகிறது. அலமாரிக் கதவுக்கான ரகங்கள் பெரும்பாலும் 60 முதல் 150 நியூட்டன் வரைதான் என்பதால் அவை இதற்கு ஆகாது. பெரிய கட்டிலுக்கானவையோ 800ஐத் தாண்டும். குழந்தைகள் கட்டிலுக்கென்று வைத்திருந்த 400 நியூட்டன் ஜோடி எனக்குப் பொருந்தியது.

விசைக்கு அடுத்தபடி இரண்டு நீளங்களைப் பார்க்க வேண்டும். முழுக்க நீண்ட நிலையில், ஷாக்கின் இரு முனைகளும் காரில் மாட்டும் உருண்டைக் குமிழ்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்த நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பல கார்களில் கதவு எவ்வளவு மேலே போகலாம் என்பதை நிறுத்துவதே இந்த நீளம்தான். மடங்கிய நீளம் அதைவிட முக்கியம். 500 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் ஓட்டமும் (தண்டு உள்ளே போகும் தூரம்) உள்ள ஷாக் 300க்குக் கீழே சுருங்காது. உங்கள் காரில் கதவு மூடும்போது இரு குமிழ்களுக்கும் இடையே 290தான் என்றால், பூட்டு விழுவதற்கு முன்பே உள்ளே முட்டி நிற்கும். அதை அறியாமல் மேலே கையை வைத்து அழுத்துகிறவர் தகட்டை வளைத்துவிடுவார்.

கட்டில் ஷாக்கின் முனையில் இருந்த தட்டையான காதைக் கழற்றி, பழைய ஷாக்கில் குமிழைக் கவ்வும் குழிமுனைகளைத் திருகி ஏற்றினேன். இரண்டிலும் 8 மில்லி மரை இருந்ததால் லேத் பட்டறைக்குப் போகும் வேலை வரவில்லை. சில கார்களில் முனை குழலோடு சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் இந்த வழி நடக்காது. திருகும்போது தண்டைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

காசிமேட்டிலிருந்து:

விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றுகிற கார் என்னுடையது. அதிகாலையில் தலையில் இறங்குகிற கதவு, அதே நாள் மதியம் வெயிலில் அசையாமல் நிற்கும். சூடேறினால் வாயுவின் அழுத்தம் கூடும் என்பதே காரணம். 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே விசையில் ஏறத்தாழ ஏழு சதவீத வித்தியாசம் வரும். எனவே மதியத்தில் சோதித்துவிட்டு ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிட வேண்டாம். கடற்காற்றும் பனிக்கட்டித் தண்ணீரும் படுகிற தண்டில் துருப்புள்ளிகள் விழுந்து, அவையே சீலைத் தின்றுவிடுகின்றன. மாற்றும் வரைக்கும் அரை இஞ்சு பி.வி.சி. குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறி, திறந்த நிலையில் தண்டின் மேல் மாட்டி வைத்தேன். துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். புதியதை மாட்டும்போது, கதவு மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எண்ணெய் சீலின் மேல் நிற்கும்.

வியாசர்பாடியிலிருந்து:

டிங்கரிங் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் பலமாகவே இருக்கட்டும்’ என்று பெரிய கட்டிலின் 800 நியூட்டன் ஜோடியை மாட்டிய கார் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. பூட்டை விடுவித்ததும் கதவு துள்ளிக்கொண்டு எழுந்தது. மூடுவதற்கு ஒருவர் தொங்க வேண்டியிருந்தது. கூரை விளிம்பில் கீலுக்குப் பக்கத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, குமிழ் பொருத்திய தகடு வெளியே பிதுங்கியிருந்தது. ஷாக்கில் மிச்சம் பிடித்த பணம் அந்தத் தகட்டைச் சீராக்கவே போதவில்லை. விசை குறைந்த ஷாக் தலையில்தான் இடிக்கும். கூடிய ஷாக் வண்டியையே கிழிக்கும். தண்டையார்பேட்டை நண்பர் 400க்கு மேல் போகாதது நல்லது.

மாதவரத்திலிருந்து:

பழைய ஷாக்கிலேயே துளையிட்டு வாயு நிரப்பித் தருவதாக எனக்கு ஒருவர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. 8 மில்லி தண்டு 400 நியூட்டன் தள்ள வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல முப்பத்தைந்து மடங்குக்கும் மேல். கதவைத் தூக்காத ஷாக்கிலும் அழுத்தம் முற்றிலும் போயிருக்காது. துளையிடுவதோ, வெல்டிங் வைப்பதோ, அறுப்பதோ கூடவே கூடாது. புதுப்பேட்டையில் கழற்றிய ஜோடி வாங்கலாம் என்பவர்களுக்கு: அதன் வயதும் உங்கள் வண்டியின் வயதாகவே இருக்கும், எடை மேடையில் அழுத்திப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எண்ணூரிலிருந்து:

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

வேண்டாம் ஐயா. ஒரு பக்கம் 400, மறு பக்கம் 140 என்று தள்ளினால் கதவு முறுக்கிக்கொள்ளும். மூடும்போது ஒரு பக்க இடைவெளி குறுகி ரப்பர் உரசும். இரண்டையும் ஒரே கடையில் ஒரே எண்ணில் வாங்குங்கள். மாட்டும்போது ஒருவர் கதவைப் பிடித்திருக்கட்டும். குழிமுனையின் கம்பிக் கிளிப்பை முழுக்க உருவ வேண்டியதில்லை. சின்ன திருப்புளியால் சற்றே நெம்பினால் குமிழிலிருந்து கழன்றுவிடும். புதியதைக் குமிழின் மேல் வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். பிறகு இழுத்துப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்திருப்பவரைக் கையை எடுக்கச் சொல்லுங்கள்.