வால்பாறை ஓடைக்கரை வண்டு: புது இனமா என்று பார்க்க உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். மேலே நசுங்கினால் தோல் கொப்புளித்துப் போகுமே, அந்தச் சிவப்பு-கறுப்புப் பூச்சியின் குடும்பம்தான் ரோவ் வண்டுகள். முன்சிறகு குட்டை, வயிறு பாதிக்கு மேல் வெளியே தெரியும். என்னிடம் இருப்பது அந்தக் குடும்பத்தின் ஸ்டீனஸ் பேரினம். கடிக்காது, எரிக்காது. தலை அகலத்துக்குக் கண், கீழுதட்டை நீட்டித் துள்ளுவாலிகளை (மண்ணில் துள்ளித் திரியும் குட்டிப் பூச்சி போன்றவை) பிடிக்கும் அழகே தனி!

வால்பாறைப் பக்கம் ஓடைக்கரைப் பாசியில் அனுமதியோடு சேகரித்தேன். 3 ஆண், 5 பெண். வண்டு ஆய்வாளர் மால்கம் கேமரன் இந்தியப் பகுதி ரோவ் வண்டுகளைப் பற்றி 1930-களில் எழுதிய தொகுதிகளின் திறவுகோலில் (அடையாளங்களை வைத்து இனம் கண்டுபிடிக்கும் பட்டியல்) எதுவும் பொருந்தவில்லை. ஆனால் இந்தப் பேரினத்தில் 3,000-க்கு மேல் இனங்கள். நிறத்தையும் உடல்மேல் உள்ள புள்ளிக்குழியையும் நம்பிப் பெயர் வைத்தால் மானம் போய்விடும். இனத்துக்கு இனம் மாறும் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் முடியும்.

அதில்தான் சிக்கல். முதல் ஆணை, தசையைக் கரைத்து உறுப்பைத் தெளிவாக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மறந்துவிட்டேன், உறுப்பு வெளிறிக் கூழாகிவிட்டது. மிச்சம் இரண்டே. எவ்வளவு நேரம், எந்தச் செறிவு என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அடுக்குப் படம் (பல குவியத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது) எடுக்கும் கேமரா பொருத்திய நுண்ணோக்கி கோவை, பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது உண்டா? பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

லண்டன் அருங்காட்சியகத்திலுள்ள கேமரனின் மூல மாதிரிகளை (இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமான வண்டுகள்) படமெடுத்து வாங்கிய அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள். வண்டின் படங்களைக் கீழே போட்டிருக்கிறேன்.