எழுபதாயிரத்துக்குள் கேமிங் லேப்டாப்: நம்ம பக்கத்து நாலு ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

சோமனூர்

கையில் 70,000 ரூபாய்தான் இருக்கிறது, கேமிங் லேப்டாப் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கிராஃபிக்ஸ் கார்டின் பேரோடு நிற்காதீர்கள், அது எத்தனை வாட் மின்சாரத்தில் ஓட விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தங்கச்சி மகனுக்கு வாங்கப் போனபோது பார்த்ததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை இந்த வருஷம் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். தங்கச்சி சீட்டு எடுத்துப் பணம் வைத்திருந்தாள். வேலரண்ட், ஜிடிஏ 5 என்ற விளையாட்டுகள் ஓட வேண்டும், அப்புறம் கல்லூரியில் சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் வரும். "ஆர்டிஎக்ஸ் 4050 இருந்தாப் போதும் மாமா" என்று பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். என்விடியா கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டு அது. கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் 4050 ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப் அடுத்தடுத்து இருந்தன. ஒல்லியானது 72,000. தடிமனானது 84,000. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு, "கார்டு ரெண்டும் ஒண்ணுதானுங்க, பிராண்டுக்குத்தான் காசு" என்றார் விற்பனையில் நின்ற தம்பி.

கார்டு ஒன்றுதான், ஓட்டம் ஒன்றில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே இடது மூலையில் இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தச் சொன்னேன். அதில் மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி வரும். ஒல்லியானதில் 50 வாட். தடிமனானதில் 95. லேப்டாப்புக்கான 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளக் கம்பெனிகளுக்கு இடம் இருக்கிறது. சிப்பில் கணக்குப் போடும் 2560 கோர் இரண்டிலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் கரண்ட்டை இறுக்கிப் பிடித்தால் அவை ஓடும் வேகம் இறங்கிவிடும். கனமான விளையாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். முன்பு இப்படி வாட் குறைத்த கார்டுகளின் பேரோடு மேக்ஸ்-க்யூ என்று சேர்த்துப் போடுவார்கள், பார்த்தவுடனே தெரியும். 2021-ல் 30 சீரிஸ் வந்தபோது அது பேரிலிருந்து போய்விட்டது. இப்போது கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் தேடிப் படித்தால்தான் வாட் கிடைக்கும். கடையில் முன்னால் வைத்திருக்கும் அட்டையில் பெரும்பாலும் இருக்காது. அதனால் வீட்டில் உட்கார்ந்து மாடல் நம்பரோடு பார்த்துவிட்டுப் போங்கள்.

இதைவிட விலை குறைந்த 3050 கார்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதே பேரில் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டு உண்டு. 4 ஜிபிக்காரனில் 2048 கோர், 6 ஜிபிக்காரனில் 2560. இப்போது வரும் புது விளையாட்டுகள் கார்டு மெமரியை நிறையத் தின்கின்றன, 4 ஜிபி சீக்கிரம் நிறைந்து படம் விட்டு விட்டு வரும். 2050 என்ற கார்டும் 4 ஜிபிதான், அதிலும் மெமரிப் பாதை 64 பிட், குறுகல். வேலரண்டுக்கு அது போதும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் தொட வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த ஒல்லி 4050-ஐ விட்டுவிட்டு அதே கடையில் 63,000-க்கு இருந்த தடிமனான 3050, 6 ஜிபி மாடலை எடுத்தோம். 4050 மாதிரி 40 சீரிஸ் கார்டில், நடுநடுவே படங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் வசதி உண்டு, 30 சீரிஸில் கிடையாது. அது தெரிந்துதான் முடிவு செய்தோம். காரணம் ராம். ஒல்லியானதில் 8 ஜிபியும் போர்டோடு பற்றவைத்தது, ஏற்றவே முடியாது. இதில் இரண்டு ஸ்லாட், ஒன்றில்தான் 8 ஜிபி இருந்தது. மிச்சப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டோம். ஒற்றை ராமில் ஓடும்போது பிராசஸருக்கும் மெமரிக்கும் நடுவே பாதி வழிதான் திறந்திருக்கும். இரண்டாவதைப் போட்டதும் சண்டைக் காட்சிகளில் வந்த திக்கல் பெரிதும் குறைந்தது. ஒன்று சொல்ல வேண்டும், 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று 8 ஜிபியோடு வாங்கும் பழைய கணக்கு இப்போது சரிவராமல் போகலாம். 16 ஜிபியோடு வரும் மாடலின் விலையையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

பிராசஸரைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த விலையில் கிடைக்கும் கார்டுக்கு எச் அல்லது எச்எஸ் என்று முடியும் ஐ5, ரைசன் 5 போதும். ஐ7 ஸ்டிக்கருக்காகப் பத்தாயிரம் கூடக் கொடுப்பதைவிட அதைக் கார்டிலோ ராமிலோ போடுவது நல்லது.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் வீட்டோடு தறிக்குடோன் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். காற்றில் மிதக்கும் பஞ்சு கேமிங் லேப்டாப்புக்கு ஆகவே ஆகாது. ஃபேன் கீழிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் இருக்கும் மெல்லிய செப்புத் தகடுகள் வழியாக வெளியே தள்ளுகிறது. இழுக்கிற காற்றோடு வரும் பஞ்சு ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கி, நாளாக நாளாகக் கம்பளி மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை சுத்தமாகத்தான் தெரியும். விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சூடு 95 டிகிரிக்குப் போய், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பையன்கள் விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள், டிரைவரை மாற்றுவார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. பின்மூடியைக் கழற்றினால் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படலம் வந்தது. எடுத்த அன்றே பழைய வேகம் திரும்பிவிட்டது.

குடோனில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று தறிக்கு ஏர் அடிக்கிற மாதிரி இதற்கும் அடித்துவிடாதீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருக்கும், அழுத்தத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். லேப்டாப்பை அணைத்து, மூடியைக் கழற்றி, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். எங்களைப் போன்ற வீடுகளில் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. மெத்தை மேல் வைத்து விளையாடவே கூடாது, அடி ஓட்டை முழுக்க அடைபட்டுவிடும்.

தறி மோட்டார் போடும்போது லைட் மங்குகிறதே, ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், குறைந்த வோல்டேஜால் ஒன்றும் ஆகாது. திடீரென்று ஏறுவதுதான் ஆபத்து. அதைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கினால் போதும்.

ஈரோடு

அண்ணா சொன்ன சூட்டை நானும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ கிட்டத்தட்ட அத்தனையும் சிப்பின் சூட்டிலும் ஏறுகிறது. மார்கழியில் ஒழுங்காக ஓடிய விளையாட்டு ஏப்ரலில் திணறுகிறது. நான் செய்வது, என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை, 60-ல் நிறுத்திவிடுவேன். நொடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு ஏன் என்று ஹாஸ்டல் தோழிகள் கேட்பார்கள். கதை விளையாட்டுகளுக்கு 60 தாராளம், ஃபேன் சத்தமும் பாதியாகிறது, அறையில் படிக்கிறவர்களுக்கும் தொந்தரவில்லை. வேலரண்டுக்கு மட்டும் அந்த வரம்பை எடுத்துவிடுவேன், அது சிப்பை அவ்வளவு வாட்டாது.

கல்லூரிக்குத் தினம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எடையையும் பாருங்கள். என்னுடையது 2.3 கிலோ, அடாப்டர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். பேட்டரியில் விளையாடலாம் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியதும் கார்டின் வாட் பாதிக்கும் கீழே போய்விடும். வகுப்பில் குறிப்பெடுக்க மட்டும் என்றால் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸில் ஓட விட்டு நாலு மணி நேரம் ஓட்டுகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று ஹாஸ்டலில் எல்லோருக்கும் விடுமுறைதான்.

பொள்ளாச்சி

நாங்கள் பழையது வாங்கினோம். மகனுக்கு 45,000-க்கு மேல் என்னால் முடியவில்லை. கோவையில் ஒருவர் 3060 கார்டு போட்ட லேப்டாப் விற்பதாக விளம்பரம் பார்த்துப் போனோம். பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்தது. மகன் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தான். வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அதில் தனித்தனியாக வரும். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சம். அதுகூடப் பரவாயில்லை. கூடவே கொடுத்த அடாப்டர் 120 வாட், அந்த மாடலுக்கு வர வேண்டியது 230. ஒரிஜினல் எங்கேங்க என்று கேட்டால் சரியான பதில் இல்லை. சின்ன அடாப்டர் போட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் விளையாடும்போது சார்ஜ் இறங்கிக்கொண்டே வரும், வேகமும் குறையும். பில்லும் இல்லை என்றதும் திரும்பிவிட்டோம்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக பில்லோடு ஒன்று கிடைத்தது. கம்பெனி வெப்சைட்டில் சீரியல் நம்பர் போட்டு வாரண்டி எதுவரை என்று பார்த்தோம். அவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட விட்டோம். வெறுமனே டெஸ்க்டாப்பைக் காட்டி விற்பதை நம்பாதீர்கள், கார்டில் கோளாறு இருந்தால் சூடேறிய பிறகுதான் திரையில் கோடு விழும். திரையை ரெண்டு தடவை மூடித் திறந்து கீல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பழையதில் பலதுக்கு அங்கேதான் உடைகிறது.

திருப்பூர்

நான் பனியன் பிரிண்டிங் டிசைன் செய்கிறேன், ராத்திரி மகன் விளையாடுவான். எங்களை மாதிரி இருப்பவர்கள் திரையின் நிறத்தைக் கேளுங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், திரை எத்தனை நிறம் காட்டும் என்பதற்கான ஒரு அளவு அது. விளையாட அது போதும், டிசைனுக்கு உதவாது. அப்படித் திரையில் நான் சிவப்பு என்று முடித்த டிசைன் துணியில் வேறு சிவப்பாக வந்து பார்ட்டியிடம் பதில் சொல்ல வேண்டி வந்தது. இன்னொரு நிற அளவான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்று இருந்தால்தான் நம்பி வேலை செய்யலாம். பட்ஜெட்டில் அது வராவிட்டால், நல்ல நிறத்தில் தனி மானிட்டர் ஒன்று பிறகு வாங்கி எச்டிஎம்ஐ-யில் மாட்டிக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியைக் கடைக்காரர் கழித்துக்கொடுப்பார், ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பேங்க் பிடிக்கும் பிராசசிங் ஃபீஸும் நம் தலையில்தான். தொகை பெரிதல்ல, ஆனால் ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி என்று கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படும் வரைக்கும் கட்டிய வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 70,000 ரூபாய் பில்லில் 10,678 ரூபாய் வரிதான்.

சோமனூர்

ராம் போட, பஞ்சு எடுக்க மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பல கம்பெனிகள் ராமும் எஸ்எஸ்டியும் நாமே மாற்றுவதை அனுமதிக்கின்றன. திறக்கும்போது எதையாவது உடைத்தால் அதற்கு வாரண்டி கிடையாது. உங்கள் மாடலுக்கு என்ன விதி என்று வாங்கும் முன்பே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மூடியில் சில இடத்தில் திருகு நீளம் மாறும், கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டில் குத்திவிடும்.