‘வோல்ட்டா டோ மார்’: ‘கடல்திரும்பல்’ பொருந்துமா?

குழுவினர்க்கு வணக்கம்.

எதிர்க்காற்றைத் தவிர்க்க நடுக்கடலில் வளைந்து செல்லும் போர்த்துக்கீசிய மாலுமிகளின் பாய்க்கப்பல் உத்தி ‘வோல்ட்டா டோ மார்’ (‘கடலின் திருப்பம்’). அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘கடல்திரும்பல்’ மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதைப் படிக்கும் மாணவர், கப்பல் போன வழியே திரும்பி வந்ததாகக் கொள்வார். நடந்ததோ வேறு.

1434இல் போர்த்துக்கீசிய மாலுமி ஜில் இயானிஸ் பொஜதோர் முனையைக் கடந்த பின்னர், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கிய கப்பல்களுக்கு வடகிழக்கு வியாபாரக் காற்றும் கனேரி நீரோட்டமும் துணை நின்றன. திரும்பும்போது அவ்விரண்டுமே எதிர்த்தன. ஆகவே மாலுமிகள் கரையை விட்டு விலகி, வடமேற்காக நடுக்கடலுக்குள் சென்று, அசோர்ஸ் தீவுகளின் அட்சரேகையை ஒட்டி மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்றைப் பிடித்து லிஸ்பனை அடைந்தனர். ஊர் வடகிழக்கில் இருக்க, மேற்கே பாய் விரிக்கும் துணிவே இவ்வுத்தியின் உயிர். சொல்லில் அது தெரிய வேண்டும்.

மேலும், இவ்வுத்தி திரும்பும் பயணத்துக்கு மட்டும் உரியதன்று. 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட வாஸ்கோ ட காமா, ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டேயின் சாந்தியாகோ தீவிலிருந்து கிளம்பியபின் கரையைப் பற்றிச் செல்லாமல் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவில் சென்று, நவம்பர் 4 அன்றுதான் நன்னம்பிக்கை முனைக்கு வடக்கே மீண்டும் கரையைக் கண்டார். 1500இல் போர்த்துக்கீசியத் தளபதி கப்ரால் இதே வளைவில் இன்னும் மேற்கே சென்று பிரேசிலைக் கண்டார் (அது தற்செயலா, திட்டமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை). இப்பயணங்களை எப்படித் ‘திரும்பல்’ என்பது?

மற்றொரு பரிந்துரையான ‘வளிச்சுற்று’ அழகாக உள்ளது. ஆனால் வானிலையியலார் அதை வளிமண்டலச் சுழற்சி என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை ‘வெளிக்கடல் வளைவோட்டம்’. கப்பலோட்டம் என்னும் வழக்கிலிருந்து ‘ஓட்டம்’ வருகிறது. ‘வெளிக்கடல்’ கரையை விட்டு விலகுவதைக் காட்டுகிறது. சற்றே நீளம்தான். ‘வளைவோட்டம்’ என்று சுருக்கினால் நீரோட்டத்தின் வளைவு எனப் பொருள் மயங்கும் என்பதால், முதன்முறை பயன்படுத்தும் இடத்திலும் கலைச்சொல் பட்டியலிலும் முழு வடிவமே இருக்கட்டும். வினையாக ‘வளைந்தோடினர்’ எனலாம்.

1565இல் ஸ்பானியக் கடலோடி உர்தனேத்தா பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து ஜூன் 1 அன்று புறப்பட்டு, வடபசிபிக் வழியாக அக்டோபர் 8 அன்று மெக்சிகோவின் அகபுல்கோவை அடைந்ததும் இவ்வுத்தியால்தான். அவ்வழியை ஸ்பானியர் ‘தோர்னாவியாஹே’ என்பர்; அதற்கு ‘மீள்பயணம்’ போதும்.

இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்றுப் பயணத்துக்கு இச்சொல்லை நீட்டக்கூடாது. அங்கே காற்று பருவந்தோறும் திசை மாறுவதால், சோழகமும் (தென்காற்று) வாடையும் (வடகாற்று) அறிந்த நம் கடலோடிகளுக்குக் காத்திருப்பதே வழி. காத்திராமல் 1498 அக்டோபரில் இந்திய மேற்குக் கரையின் அஞ்சதீவிலிருந்து கிளம்பிய காமாவுக்கு, வரும்போது ஒரு மாதத்துக்குள் கடந்த அரபிக்கடல் ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோய்க்குப் பலியாயினர்.

எனவே வரையறையை இவ்வாறு இடலாம்: எதிர்க்காற்றையும் எதிர் நீரோட்டத்தையும் தவிர்க்க, சேருமிடத்தின் நேர்த்திசையை விட்டு வெளிக்கடலில் விலகி, நிலையாக வீசும் துணைக்காற்றைப் பிடித்துச் செல்லும் பாய்க்கப்பல் உத்தி. ‘நிலையாக’ என்பதை நீக்க வேண்டாம். பருவக்காற்றை விலக்குவது அச்சொல்தான்.