பெரியம்மா முகத்தை எம்ப்ராய்டரி செய்கிறேன், பொம்மை மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

ஊசிமுனை:
பெரியம்மாவுக்குப் பரிசாகக் கொடுக்க அவர் முகத்தையே கையால் எம்ப்ராய்டரி செய்கிறேன். நெற்றியிலிருந்து தாடை வரை 6 செ.மீ. மெல்லிய காட்டன் துணி, 2 இழை நூல், சாட்டின் தையல் (இடைவெளி இல்லாமல் இணையாக நெருக்கி நிரப்புவது), தோலுக்கு 3 நிறம். மாதிரிக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டேன். கன்னத்தில் நிறம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மூக்குக்குக் கோடு போட்டதும் கார்ட்டூன் ஆகிவிட்டது. துணியும் சுருங்குகிறது. இன்னும் 6 வாரம் இருக்கிறது.

நூல்கண்டு:
முதலில் அளவு. 6 செ.மீ. முகத்தில் ஒரு கண் 1 செ.மீ. அகலம்கூட வராது, அதற்குள் இமை, கருவிழி, ஒளிப்புள்ளி எல்லாம் அடங்காது. 12 செ.மீ. ஆக்குங்க.

பட்டை விழுறதுக்குக் காரணம் சாட்டின். ஒவ்வொரு நிறமும் தன் ஓரத்தில் ஒரே கோட்டில் முடியுது, அந்தக் கோடுதான் கண்ணில் படுது. தோலுக்கு லாங் அண்ட் ஷார்ட் தையல்தான், அதாவது நீளமும் குட்டையுமா மாற்றிப் போடுறது, அதுவும் 1 இழையில், 10-ஆம் நம்பர் ஊசியில். முதல் வரிசையில் 8 மி.மீ., 5 மி.மீ. என்று மாற்றி மாற்றி. அடுத்த வரிசையில் ஊசி கீழிருந்து வரும்போது முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு வரணும். முனையை ஒட்டி வெளியே வந்தால் இடையில் துணி எட்டிப் பார்க்கும். நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீங்க, துணிக்குள் போய்வந்தே பஞ்சடித்து மினுமினுப்பு போயிடும்.

3 நிறம் போதாது, 6 வேணும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, 5 அடுக்கு வெளிச்சமாகக் குறைத்து அச்செடுங்க. மூக்கைக் காட்டுறது கோடு இல்லை, ஒரு பக்க நிழலும் நாசித் துவார இருட்டும்தான். அச்செடுத்த தாள்லயே தையல் எந்தத் திசையில் ஓடணும்னு அம்புக்குறி போட்டுக்கோங்க. கன்னத்தில் எலும்பைச் சுற்றி வளையணும், மூக்குத் தண்டில் நீளவாக்கில். திசை தப்பினால் நிறம் சரியாக இருந்தும் முகம் தட்டையாகத்தான் தெரியும்.

பின்பக்கம்:
துணி சுருங்குவதற்கு, மெல்லிய துணியில் நெருக்கமாகத் தைப்பது பாதிக் காரணம். துணியை இழுத்துப் பூட்டும் வளையம் தளர்ந்திருப்பது மீதி. துணியை முன்பே நனைத்துக் காயவைத்து, அடியில் இன்னொரு காட்டன் துணி சேர்த்துப் பூட்டுங்கள். உள்வளையத்தில் காட்டன் நாடா சுற்றினால் நழுவாது. தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்க வேண்டும். அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், தடம் பதியாது.

படம் வரையும் பேனாவிலும் கவனம். சூட்டில் மறையும் மை குளிரில் திரும்பி வரலாம். தண்ணீரில் கரையும் மை, அலசும் முன் இஸ்திரி போட்டால் போகாமலே தங்கிவிடலாம்.

ஊசிமுனை:
நன்றி. 12 செ.மீ.க்கு மாற்றுகிறேன். கண்ணுக்கு எப்படி? வெள்ளை போட்டதும் முறைப்பது போல ஆகிவிட்டது. கண்ணோரச் சுருக்கங்களைக் காட்டலாமா?

நூல்கண்டு:
தூய வெள்ளையைக் கண்ணில் நிரப்பாதீங்க. வெளிர் சாம்பல் போடுங்க, மேல் இமைக்கு அடியில் இன்னும் ஒரு படி இருட்டு. கருவிழியின் மேல்விளிம்பை இமை மறைக்கணும். முழு வட்டமாகத் தெரிந்தால்தான் அந்த முறைப்பு வரும். கருவிழிக்கு அடர் பழுப்பு, நடுவில் இருக்கிற பாப்பாவிலிருந்து (கண்மணி) வெளிநோக்கி ஆரக்கால் மாதிரி. கறுப்பு பாப்பாவுக்கு மட்டும். கடைசியாக 1 மி.மீ. வெள்ளைத் தையல் ஒன்று, இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில். ஒன்றில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம் விழுந்தால் மாறுகண் ஆயிடும்.

சுருக்கங்களைக் கட்டாயம் காட்டுங்க, அதில்லாமல் சாயல் வராது. ஆனால் பழுப்புக் கோடு வேண்டாம். தோலைவிட ஒரே ஒரு படி அடர்ந்த நிறம், பக்கத்திலேயே ஒரு படி வெளிர். பல்லுக்கும் அப்படித்தான், நடுவே கோடு போட்டுப் பிரிக்காதீங்க.

கோட்டோவியம்:
6 வாரத்தில் முழு முகம் நிரப்புவது சந்தேகம். ஒரு கன்னத்தை மணி பார்த்துத் தையுங்கள், மீதிக் கணக்கு தெரிந்துவிடும். கட்டுப்படியாகாவிட்டால் முகத்தை 1 இழை ஸ்ப்ளிட் தையலில் (ஒவ்வொரு தையலும் முந்தையதன் நூலைப் பிளந்து தொடர்வது) கோடாக மட்டும் விட்டு, கூந்தலையும் உடையையும் நிறைத்துத் தையுங்கள். கோடு 2 மி.மீ. தையல், உதட்டு வளைவில் 1 மி.மீ. இதில் மூக்கு முழுவதையும் வரையாதீர்கள், நுனியும் ஒரு பக்க மடிப்பும் போதும்.

பின்பக்கம்:
அலசும் முன் சிவப்பு, கறுப்பு நூல்களை ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், சாயம் போனால் தெரியும். கனமான துவாலைமேல் முகத்தைக் குப்புறப் போட்டு இஸ்திரி. ஃப்ரேம் போடும்போது பசை வேண்டாம், நாளாக ஆகப் பழுப்பேறும். அட்டையின் பின்னால் துணியை நூலால் இழுத்துக் கட்டி, கண்ணாடி தையலைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள்.