தினமும் அதே பறவைகள்தான் வருகின்றன, பதிவு செய்வதில் பயன் உண்டா? கூடவே ஒரு சந்தேகப் பறவை

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வீட்டுப் பின்பக்கம் இருக்கும் மரங்களுக்கு வரும் பறவைகளைக் கொஞ்ச காலமாகக் கவனித்து நோட்டில் எழுதி வருகிறேன். பைனாகுலர் இருக்கிறது, பெரிய கேமரா இல்லை, கைபேசிதான். வழக்கமாக வருபவை காகம், மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், சின்னான், ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒரு ஜோடி, தையல்சிட்டு, குயில், எப்போதாவது செம்போத்து. இதையெல்லாம் பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் போடலாமே என்று ஒருவர் சொன்னார். திறந்து பார்த்தால் மற்றவர்களின் பட்டியல்களில் நாற்பது ஐம்பது இனங்கள் இருக்கின்றன. என் பட்டியல் பத்தைத் தாண்டாது, அதுவும் எல்லா நாளும் அதே பறவைகள். காகத்தையும் மைனாவையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதால் யாருக்காவது உபயோகம் இருக்கிறதா? எண்ணிக்கை வேறு கேட்கிறது. ஒரே தேன்சிட்டு ஒரே பூச்செடிக்குப் பத்துமுறை வந்து போனால் பத்து என்று போடுவதா, ஒன்று என்று போடுவதா?

இன்னொரு சந்தேகம். நேற்றுக் காலையில் தவிட்டுக்குருவிகள் எல்லாம் சேர்ந்து பெருங்கூச்சல் போட்டன. என்னவென்று பார்த்தால் புறா அளவில் ஒரு பறவை, முதுகு சாம்பல் நிறம், வாலில் கருப்புப் பட்டைகள், சிறகைச் சில தடவை வேகமாக அடித்துவிட்டு அப்படியே மிதந்து போய் அடுத்த மரத்தில் உட்கார்ந்தது. வல்லூறு என்றுதான் நினைத்தேன். எடுத்த படங்கள் மங்கல். மெர்லின் செயலியில் ஒரு படத்தைக் கொடுத்தால் வல்லூறு என்கிறது, இன்னொன்றைக் கொடுத்தால் அக்காக்குயில் என்கிறது. இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

---

மாங்குயில் எழுதியது:

முதலில் பறவையைப் பார்ப்போம். இந்த இரண்டும் குழப்புவது உங்களை மட்டும் இல்லை, அந்தத் தவிட்டுக்குருவிகளையும்தான். அக்காக்குயில் நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வல்லூறு மாதிரியே இருக்கும். அது தவிட்டுக்குருவி வகைகளின் கூட்டில் முட்டையிடும் பறவை, அதனால் அவை அதைக் கண்டாலே கூச்சல் போட்டு விரட்டும். ஆகவே கூச்சலை வைத்து மட்டும் வல்லூறு என்று முடிவுக்கு வர முடியாது. ஐரோப்பாவில் அங்குள்ள குயிலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் குறுக்குப்பட்டை உள்ள குயிலுக்கு அஞ்சிய சிறு பறவைகள், அந்தப் பட்டைகளை மறைத்து வைத்தபோது அவ்வளவாக அஞ்சவில்லை. வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் சாயல் குயிலுக்கு எவ்வளவு கை கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, பிரிப்பது எப்படி? அலகைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கீழ்நோக்கி வளைந்து, கொக்கி போல முடியும், அலகின் அடிப்பகுதி மஞ்சளாக இருக்கும். அக்காக்குயிலின் அலகு கொஞ்சம் நீண்டு நேராகப் போய் நுனியில் லேசாக வளையும். அடுத்தது கண். அக்காக்குயிலுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியும். வல்லூறில் வளையத்தைவிட விழியின் நிறம்தான் எடுப்பாகத் தெரியும், வளர்ந்த ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ. கால் தெரிந்தால் இன்னும் நல்லது, வல்லூறுக்கு நீண்ட மஞ்சள் காலும் இரையைப் பிடிக்கும் நகங்களும் உண்டு, குயிலின் கால் குட்டை, கிளையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது.

உட்காரும் விதமும் உதவும். வல்லூறு நெஞ்சை நிமிர்த்தி நேராக உட்காரும். அக்காக்குயில் கிளைக்கு வரும்போது கடைசியில் மேல்நோக்கி எழும்பி உட்காரும், உட்கார்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். இதில் எது நினைவிருக்கிறது என்று சொல்லுங்கள். மங்கலான படமாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள், பறவையின் உருவ அமைப்பு தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

---

பட்டியல்காரர் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. தினமும் அதே பறவைகள் என்று சலிப்பாக எழுதியிருக்கிறீர்கள். அந்த "தினமும் அதே இடத்தில்" என்பதுதான் மற்றவர்களிடம் இல்லாத சொத்து. ஏரிக்குப் போய் ஐம்பது இனம் பார்த்தவர் அடுத்து அங்கே எப்போது போவார் என்று தெரியாது. நீங்கள் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் பார்க்கிறீர்கள். உங்கள் மரத்தில் குயில் எந்த வாரத்தில் கூவத் தொடங்கியது, சின்னான் எப்போது குறைந்தது என்பதெல்லாம் உங்கள் பட்டியலில் தானாகவே வந்துவிடும்.

அரிய பறவைக்கு எப்போதும் ஆள் கூடிவிடும். சாதாரணப் பறவை குறைந்தால்தான் யாருக்கும் தெரியாமல் போகும். வட அமெரிக்காவில் 1970-க்குப் பிறகு சுமார் 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. அந்த இழப்பில் பெரும்பகுதி எங்கும் காணக்கூடிய குருவி வகைகள்தான். அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் எத்தனையோ ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் சலிக்காமல் எண்ணி எழுதி வைத்தது. இந்தியாவில் 2023-இல் வந்த பறவைகளின் நிலை அறிக்கையும் அப்படித்தான், 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்டில் போட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டார்கள். அந்தப் பதிவுகளில் காகமும் மைனாவும் ஏராளம்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஒரே சமயத்தில் கண்ணில் பட்டவற்றில் அதிகபட்சம் எத்தனையோ அதைப் போடுங்கள். தேன்சிட்டு ஜோடி பத்துமுறை வந்தாலும் இரண்டுதான். ஆணும் பெண்ணும் தனித்தனியாக வந்தால் சேர்த்து இரண்டு என்று தைரியமாக எழுதலாம், ஏனென்றால் அவை வேறு வேறு பறவைகள் என்று நிறமே சொல்கிறது. காகம் கூட்டமாகப் பறந்தால் முதலில் பத்தை எண்ணிக்கொண்டு, அந்தப் பத்து மாதிரி எத்தனை கொத்து என்று கணக்கிடுங்கள். எண்ணவே முடியவில்லை என்றால் எக்ஸ் போடும் வசதி உண்டு, ஆனால் தோராயமான எண் எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

பட்டியல் முடிக்கும்போது "நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா" என்று கேட்கும். காகத்தை விடாமல் எழுதியிருந்தால் ஆம் என்று கொடுங்கள். அந்த ஒரு ஆம் இருந்தால்தான் பட்டியலில் இல்லாத பறவையை அன்றைக்கு நீங்கள் காணவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும். அடையாளம் தெரியாத ஒரு பறவை இருந்தால் பட்டியல் முழுமையில்லாமல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி இல்லை, அடையாளம் கண்டவற்றை எல்லாம் எழுதினால் போதும்.

நேரமும் பெரிதாக வேண்டாம், பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலே நல்ல பட்டியல். 1998-இல் தொடங்கி ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் குறைந்தபட்சம் கேட்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். இடத்தின் பெயராக வீட்டு முகவரியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பட்டியல் எல்லோருக்கும் தெரியும்.

---

மொட்டைமாடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாங்குயில் அக்கா, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு நேராக இருப்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் கிளை ஒன்று குறுக்கே வருகிறது. மஞ்சள் வளையம் ஒரு படத்தில் தெரிகிறது. உட்கார்ந்தபோது வால் பக்கவாட்டில் ஆடியது நன்றாக நினைவிருக்கிறது, அப்போது அதற்கு அர்த்தம் உண்டு என்று தெரியாது. கூவவே இல்லை.

இன்னும் இரண்டு கேட்கலாமா? ஒன்று, செயலியில் ஒலியைப் பதிவு செய்தால் பறவைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன, கண்ணால் பார்க்காதவற்றையும் அதை நம்பிப் பட்டியலில் சேர்க்கலாமா? இரண்டு, செடியில் தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. அவ்வளவு அழகு. படம் எடுத்து இங்கே போடட்டுமா?

---

மாங்குயில் எழுதியது:

வாலை ஆட்டியதும் மஞ்சள் வளையமும் சேர்ந்தால் எனக்கு அக்காக்குயில் பக்கம்தான் மனம் போகிறது. கூவாததை வைத்துக் குழம்ப வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் இரவிலும் ஓயாமல், ஒவ்வொரு தடவையும் சுருதியைக் கூட்டிக்கொண்டே போய்க் கூவும், மற்ற மாதங்களில் வாயே திறக்காது. அதனால்தான் அந்த மாதங்களில் பலர் அதை வல்லூறு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பதிவில் இனத்தின் பெயரைப் போட்டு, குறிப்புப் பகுதியில் வால், வளையம், அலகு என்று நீங்கள் கண்டதை அப்படியே எழுதுங்கள், படத்தையும் சேருங்கள். வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர்கள் சரிபார்ப்பார்கள், அவர்கள் கேள்வி கேட்டால் அது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, பதிவு நிலைக்க வேண்டும் என்ற அக்கறை.

---

ஒலிவலை எழுதியது:

ஒலி பற்றி நான் சொல்கிறேன். மெர்லினில் ஒலியை வைத்து அடையாளம் காட்டும் வசதி 2021-இல் வந்தது, அதற்குப் பிறகு பறவைகளைக் காதால் கவனிக்கும் ஆட்கள் நிறைய ஆகிவிட்டார்கள், எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் அது காட்டும் பெயரை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைவால் குருவி வல்லூறு மாதிரியே கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு மைனாக்கள் பறந்து ஓடினால், அவை விட்டுப்போன இரையை இது எடுத்துக்கொள்ளும். செயலி அங்கே வல்லூறு என்று காட்டினால் அதைக் குறை சொல்ல முடியாது, மைனாவே ஏமாறுகிறது.

என் வழக்கம் இது. செயலியில் பெயர் வந்ததும் அந்தத் திசையில் பார்ப்பேன். பறவை தெரிந்தால் எழுதுவேன். தெரியாவிட்டால், அந்தக் குரல் எனக்கே பழக்கமானதா என்று கேட்டுக்கொள்வேன், பழக்கமானது என்றால் தயங்காமல் எழுதலாம், கேட்டதும் பார்த்ததற்குச் சமம்தான். இரண்டும் இல்லை என்றால் விட்டுவிடுவேன், ஒலிப்பதிவை மட்டும் அழிக்காமல் வைத்திருப்பேன், பிறகு யாராவது கேட்டுச் சொல்லலாம். கீச் என்ற ஒற்றை ஒலியில் செயலி அதிகம் தடுமாறும், குறிப்பாகக் கதிர்க்குருவிகளில்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று நம்பி, தீனியையும் குஞ்சையும் விட்டுவிட்டு அதைத் தேடி அலையும்.

---

மரநிழல் எழுதியது:

தையல்சிட்டுக் கூடு பற்றிக் கேட்டதற்குப் பதில்: தயவு செய்து இப்போது வேண்டாம். உங்களைக் கடிந்து சொல்லவில்லை, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அது பெரிய விஷயம். கூட்டின் அருகே நாம் அடிக்கடி போனால் காகம் கவனிக்கும், பூனை கவனிக்கும். நாம் இலையை விலக்கிப் படம் எடுத்தால் அது மறுபடி பழைய மாதிரி மூடாது, தையல்சிட்டு சிலந்தி நூலாலும் பஞ்சு நாராலும் தைத்த மறைப்பே அந்த இலைதான். கூடு கட்டும் சமயத்திலும் முட்டையிட்ட புதிதிலும் தொந்தரவு ஏற்பட்டால் பல பறவைகள் கூட்டையே கைவிட்டுவிடும்.

தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். நார் கொண்டு போனது, அலகில் புழுவோடு கூட்டுக்குள் போனது, குஞ்சுகளின் எச்சம் அடங்கிய எச்சப்பையை வெளியே எடுத்து வந்தது என்று தேதியோடு குறித்து வைத்தால் ஒரு படத்தைவிட அதில் நிறையத் தெரியும். இபேர்டில் இதற்கென்றே இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கின்றன. குஞ்சுகள் பறந்து போன பிறகு காலிக் கூட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், எல்லோரும் ரசிப்போம்.

கைபேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். வீட்டுப் பறவைக்கு இது பெரிய சிக்கல் இல்லை, ஆனால் ஆந்தை அடையும் மரத்தையோ பொறிவைத்துப் பிடிக்கப்படும் பறவை இருக்கும் இடத்தையோ பகிரும்போது அந்தத் தகவலை நீக்கிவிட வேண்டும். இபேர்டிலேயே ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வைக்கிறார்கள், நாமும் குழுக்களில் அதையே பின்பற்றலாம்.

மொட்டைமாடி, ஒரு வேலையும் தருகிறேன். அக்காக்குயில் உங்கள் பக்கம் சுற்றுகிறது என்றால் அந்தத் தவிட்டுக்குருவிக் கூட்டத்தை வரும் வாரங்களில் விடாமல் பாருங்கள். கூட்டத்தோடு சுற்றிக்கொண்டு, ஓயாமல் கத்தித் தீனி கேட்கும், வயிற்றில் பழுப்புப் புள்ளிகளும் வாலில் பட்டைகளும் உள்ள வேறு மாதிரிக் குஞ்சு ஒன்று கண்ணில் பட்டால் அன்றைய பட்டியலை உடனே இங்கே போடுங்கள். எந்தப் பறவை அதற்கு ஊட்டியது, எத்தனை பறவைகள் மாறி மாறி ஊட்டின என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.