ஜூம் பண்ணினால் நஷ்டமே இல்லையா?

செங்கோட்டைக்காரன்:
ஓடிடியில் 'மால்குடி டேஸ்' போட்டேன். படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இவ்வளவு பெரிய டிவி வாங்கியது பட்டையைப் பார்க்கவா? ரிமோட்டில் ஜூம் வைத்தேன், திரை நிறைந்துவிட்டது. ஒரு நஷ்டமும் இல்லை. பழைய தொடர் எதுவானாலும் இப்படியே பாருங்கள்.

களியக்காவிளை அண்ணாச்சி:
ஒரு நஷ்டமும் இல்லை என்று எப்படி எழுத மனசு வந்தது? பழைய டிவியின் படச் சட்டம், அதாவது அகலத்துக்கு உயரம், 4:3. இப்போதுள்ளது 16:9. அகலத்தை நிரப்ப ஜூம் வைத்தால் மேலேயும் கீழேயுமாகக் கால் பங்கு படம் போய்விடும். இது என் அபிப்பிராயம் இல்லை, கணக்கு. 'மால்குடி டேஸ்' இயக்குநர் சங்கர் நாக், கர்நாடகத்து ஆகும்பேயில் தெருவையும் திண்ணையையும் அந்தச் சட்டத்துக்குள் பார்த்துப் பார்த்து அடக்கி வைத்தார். சின்னப் பையன் சுவாமி பக்கத்தில் அப்பா வந்து நிற்கும்போது ஒன்று அப்பாவின் நெற்றி இருக்காது, இல்லையென்றால் பையனின் கால் இருக்காது. அதுதான் உங்களுக்கு நஷ்டமில்லையா?

புளியரை:
நான் ஜூம் வைப்பதில்லை. பக்கவாட்டில் இழுத்துவிடுவேன். எதுவும் வெட்டுப்படாது.

களியக்காவிளை அண்ணாச்சி:
வெட்டுப்படாது, ஆனால் எல்லார் முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். ராமாயணத்தில் சீதையை அப்படிப் பார்க்க உங்களுக்குச் சம்மதமா?

செங்கோட்டைக்காரன்:
'ஃப்ரெண்ட்ஸ்' கூடப் பழைய தொடர்தான். அது திரை நிறைய வருகிறதே, அங்கே யார் தலை போயிற்று? போன மாதம் 'மால்குடி டேஸ்' டைட்டில் பாட்டைத் தாண்டிவிட்டுப் பார்க்கக் கூடாது என்று சண்டை போட்டவரும் நீங்கள்தானே.

களியக்காவிளை அண்ணாச்சி:
ஆமாம், நான்தான். இன்றும் அதையேதான் சொல்வேன். எல். வைத்தியநாதன் இசையும் ஆர்.கே. லக்ஷ்மண் கோட்டுப்படங்களும் வரும் இடத்தைத் தாண்டுகிறவரிடம் என்ன பேச? 'ஃப்ரெண்ட்ஸ்' 35 எம்எம் பிலிமில் எடுத்தது. பக்கவாட்டில் படம் மிச்சம் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். வீடியோ டேப்பில் பதிவான நம் தொடர்களில் பக்கவாட்டில் என்ன இருக்கிறது? பிலிமில் எடுத்தவர்களே வெட்டி மாட்டிக்கொண்டதும் உண்டு. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் 'சைன்ஃபெல்ட்' வந்தபோது, சாலைக் குழியைப் பற்றிய கதையில் அந்தக் குழியே சட்டத்துக்கு வெளியே போயிற்று. 'சிம்ப்சன்ஸ்' தொடரை 2019-இல் இப்படி வெட்டிப் போட்ட டிஸ்னி, ரசிகர்கள் கத்தியதும் 2020 மே மாதம் 4:3-ஐத் திருப்பிக் கொடுத்தது. நஷ்டமில்லை என்றால் ஏன் கொடுத்தார்கள்?

குழித்துறை:
அண்ணாச்சி சொல்வது நியாயம். ஆனால் நம்ம வீட்டு பெரியவர்களுக்குப் பட்டை இருந்தால் டிவி கெட்டுப்போச்சு என்றுதான் தோன்றும். அவர்களுக்கு நான் ஜூம்தான் வைத்துக் கொடுக்கிறேன்.

களியக்காவிளை அண்ணாச்சி:
பெரியவர்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கால் பங்கு, தம்பி. கால் பங்கு.

செங்கோட்டைக்காரன்:
திருவனந்தபுரம் டிவி ஸ்டேஷனில் மலையாளம் பார்த்து வளர்ந்தவர் எங்களுக்குத் தொடர் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். எங்கள் ஆன்டெனாவில் கொடைக்கானல் டிவி ஸ்டேஷன் வந்தது. 'ஒளியும் ஒலியும்' பார்த்த ஊர் இது.

களியக்காவிளை அண்ணாச்சி:
மலைக்கு மேற்கே இருப்பவனுக்குத் திருவனந்தபுரம்தான் தெளிவாக வரும். அதில் என்ன குறை கண்டீர்கள்? ஞாயிறு காலை ராமாயணம் உங்களுக்கும் எங்களுக்கும் இந்தியில்தான் வந்தது. எல்லையைப் பற்றிப் பேசுவதானால் செங்கோட்டையும் எங்கள் கூடவேதான் 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் நீங்கள் எந்த ஊர்க்காரர்?

புளியரை:
செங்கோட்டையை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? டிவியைப் பற்றிப் பேசுங்கள்.

களியக்காவிளை அண்ணாச்சி:
முதலில் இழுத்தது அவர். மேலே போய்ப் படியுங்கள். நான் கேட்ட கால் பங்குக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செங்கோட்டைக்காரன்:
என் டிவி, என் ரிமோட். இன்று ராத்திரியும் ஜூம்தான். புளியரை அண்ணே, அந்த இழுக்கிற செட்டிங் எங்கே இருக்கிறது?