மறுமொழி: ‘ஆக்‌ஷன் எகானமி’க்குத் தமிழ்ச்சொல் – செயற்கணக்கு?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பால்டர்ஸ் கேட் 3 என்னும் கணினி ஆட்டத்தின் ஆனர் மோடு என்ற மிகக் கடினமான நிலை பற்றித் தமிழில் எழுதப்பட்டுவரும் வழிகாட்டிக்காக, ‘ஆக்‌ஷன் எகானமி’ என்ற தொடருக்கு இவ்விழையில் இதுவரை செயல் பொருளாதாரம், செயற்சிக்கனம், வினைக்கணக்கு என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லுமுன், இத்தொடர் ஆட்டத்தில் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்த்துவிடுகிறேன்.

ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆனால் முறை வரும்போது இரு தரப்பும் ஒரே ஒரு காயைத்தான் நகர்த்த முடியும். ஆடுகள் எத்தனை இருந்தாலும் ஒரு முறைக்கு ஒரு நகர்வுதான். பால்டர்ஸ் கேட் 3 பின்பற்றும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் அப்படியில்லை. களத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனி முறை உண்டு. நம் அணியில் நால்வர் இருந்து எதிரே தனியொரு பூதம் நின்றால், அது எவ்வளவு வலியதானாலும், அது ஒருமுறை அடிப்பதற்குள் நாம் நான்கு முறை அடித்துவிடுகிறோம். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் ஆட்டக்காரர்கள் ஆக்‌ஷன் எகானமி என்கிறார்கள்.

2023 நவம்பர் இறுதியில் ஐந்தாம் மேம்பாட்டுடன் ஆட்டத்தை உருவாக்கிய லாரியன் நிறுவனம் சேர்த்த ஆனர் மோடு, நமக்குச் சாதகமான இந்த நிலைமையைத்தான் குறிவைக்கிறது. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் பதிவு ஒன்றே ஒன்று; அணி முழுவதும் வீழ்ந்தால் ஆனர் மோடு அத்துடன் முடிந்தது. பெரிய எதிரிகள் தங்கள் முறை வராதபோதே, நாம் செய்யும் ஒரு காரியத்தைச் சாக்காகக் கொண்டு திருப்பித் தாக்குகிறார்கள். வேக மந்திரத்தால் கிடைக்கும் கூடுதல் செயலில், ஐந்தாம் நிலையில் வீரருக்கு வாய்க்கும் இரட்டை அடி செல்லாது. ஓர் அடியோடு சரி.

என் தோல்வி ஒன்றைச் சொன்னால் விளங்கும். முதற்பகுதியில், இடிந்த பாலத்தருகே நிற்கும் கித்யாங்கி என்னும் போர் இனத்தின் காவற்படையோடு மோதினேன். மந்திரவாதி வேக மந்திரத்தை வீரர்மீது ஏவி, மனக்குவிப்பால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்மீது ஓர் அம்பு பட்டது. காயம் சிறியதுதான், குவிப்புக் கலையாமலிருக்க உடலுறுதிச் சோதனையில் பத்து வேண்டும், விழுந்ததோ எட்டு. மந்திரம் அறுந்தது. வேகம் அறுந்தவர் அடுத்த முறை முழுவதும் சோர்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. வீரர் அப்படியே நின்றார். அதே சுற்றில் இரண்டாம் அம்பு மந்திரவாதியையும் சாய்த்தது. நால்வரில் இருவருடைய முறை வெறுமையாகக் கழிந்தபின் மற்ற இருவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உயிர்ப்புள்ளியைப் பார்த்தால் தோற்கவேண்டிய சண்டையே அல்ல அது. இந்தப் பற்றாக்குறையை ஒரே சொல்லில் சொல்லக்கூடிய பெயர்தான் நமக்கு வேண்டும்.

‘செயல் பொருளாதாரம்’ என்றால் படிப்பவர் பணத்தை நினைப்பார், அதுவும் இந்த ஆட்டத்தில் நியாயமாகவே நினைப்பார். பாசறையில் விதர்ஸ் என்பவர் 200 பொற்காசு வாங்கிக்கொண்டு இறந்தவரை எழுப்பித் தருகிறாரே, அதற்குப் பொருளாதாரம் என்ற பெயர் பொருந்தும்.

‘செயற்சிக்கனம்’ கருத்தையே தலைகீழாக்குகிறது. மந்திர வாய்ப்புகளை மிச்சம் பிடிக்கலாம். அங்கே சிக்கனம் அறிவுடைமை. செயலை மிச்சம் பிடிக்க முடியாது. முறை முடிந்ததும், செய்யாமல் விட்ட செயல் இல்லாமல் போய்விடும்.

‘வினைக்கணக்கு’ ஓசையால் என்னைக் கவர்ந்தது. அதை முன்வைத்த அம்மையாரின் தமிழுணர்வுக்கு என் வணக்கம். ஆனால் அதைக் கேட்டவுடன் சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டத் தொடங்கிவிடுகிறான். மேலும் வினை என்று தொடங்கினால், ஒரு முறையில் முதற்செயலோடு தனியே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனைத் துணைவினை எனவேண்டி வரும். அச்சொல்லை இலக்கணத்தார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே அந்த அம்மையார் சொல்லின் பின்பாதியை வைத்துக்கொண்டு முன்பாதியை மட்டும் மாற்றி, ‘செயற்கணக்கு’ எனப் பரிந்துரைக்கிறேன். செயற்குழு, செயற்கை என்ற புணர்ச்சி நமக்குப் பழகியதே. கணக்கு என்றதும் வரவும் இழப்பும் கூடவே வந்துவிடுவது பெரிய வசதி. போர்வீரர் இரண்டாம் நிலையில் பெறும் ஆக்‌ஷன் சர்ஜ் ஒரு செயல்வரவு. ஹோல்டு பர்சன் மந்திரத்தால் எதிரியை உறையவைப்பது செயலிழப்பு. இச்சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதும், பொருள் துளியும் பிசகாமல் இங்கே வந்து பொருந்துவதும் எனக்கே வியப்பளித்தன. பெரிய எதிரிகள் முறைக்கு வெளியே திருப்பித் தாக்கும் லெஜண்டரி ஆக்‌ஷனை ‘முறைகடந்த செயல்’ எனலாம். அதில் சற்றே ஒட்டிக்கொள்ளும் ‘முறையற்ற’ என்ற தொனியை, அதனிடம் அடிபட்டவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்: “இந்த ஆட்டத்தில் முந்துரிமைக்கு உருட்டுவது நான்முகப் பகடை என்பதால், அலர்ட் திறன் தரும் ஐந்து புள்ளி ஏறக்குறைய எல்லாரையும் முந்தவைக்கும், எதிரி அசையுமுன் இருவரைச் செயலிழக்கச் செய்துவிட்டால், முதற்சுற்றிலேயே செயற்கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடும்.” எனக்கு உறுத்தவில்லை. கணக்கு என்பது எண்ணும் வேலையைத்தானே குறிக்கும், நிலைமையைக் குறிக்காதே என ஒருவர் கேட்கலாம். கடைக்காரரிடம் நம் கணக்கு எவ்வளவு என்று கேட்கும்போது நாம் எண்ணும் வேலையையா கேட்கிறோம்?

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது போனஸ் ஆக்‌ஷன்தான். துணைச்செயல் என்றால் முதற்செயலுக்கு உதவுவது போலிருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. சிறுசெயல் என்றால், தீஃப் வகைத் திருடர் ஒரே முறையில் இரண்டு சிறுசெயல்களால் விளைவிக்கும் சேதத்தைக் கண்டவர்கள் சிரிப்பார்கள். இதற்கு மாற்றுத் தருவோர், சொல்லோடு நிறுத்தாமல், அது வரும் சண்டை வாக்கியம் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.